பெரியக்காவுக்குக் கம்ப்யூட்டர் வராது

அந்த வார்டில் நர்சுகள் இரண்டு கட்சி. யாரும் பிரித்து வைக்கவில்லை, தானாகவே பிரிந்தது. டீ நேரத்தில் ஓய்வறைக்குள் ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்தால் போதும். நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள் ஜன்னலோர பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். முப்பதை எட்டாதவர்கள் ஃப்ரிட்ஜ் பக்கம், சார்ஜர் குத்துகிற இடத்தில் கூடியிருப்பார்கள். நடுவில் இருக்கவேண்டிய தலைமுறையைத்தான் காணோம். அவர்கள் எல்லாம் விமானம் ஏறி ஆளுக்கொரு தேசத்துக்குப் போய்விட்டார்கள்.

"இதுங்களுக்கு நோயாளி முகமே தெரியாது. ஸ்கிரீன்ல பேர் வந்தாத்தான் திரும்பிப் பாக்கும்" என்பார்கள் ஜன்னல்காரர்கள். "போனைப் பிடுங்கி வெச்சா மூச்சு நின்னுடும்."

ஃப்ரிட்ஜ்காரர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? "கார்பன் பேப்பர் காலத்து ஆளுங்கப்பா. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா பரீட்சை ஹால்ல உக்காந்த மாதிரி வேர்த்துடும்" என்பார்கள். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். இரண்டு பக்கமும் சிரிப்புதான். சிரித்துக்கொண்டே சொல்வதால் யாரும் அதை நிறுத்திப் பார்த்ததில்லை.

ஜன்னல் கட்சிக்குத் தலைவி பெரியக்கா. வயது ஐம்பத்து நான்கு. நர்ஸ் வேலையில் முப்பத்தொரு வருஷம், அதில் இந்த மூளை அறுவை சிகிச்சை வார்டிலேயே பதினைந்து. வார்டுக்குப் பொறுப்பும் அவள்தான். நரம்பு கிடைக்காத கையில் ஒரே குத்தில் ஊசி ஏற்றுவாள். நோயாளி வாயைத் திறப்பதற்குள் முகத்தைப் பார்த்து, "தலை வலிக்குதா, குமட்டலா?" என்று கேட்பாள். டாக்டர்களே அவளிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள்.

இவ்வளவு கெட்டிக்காரிக்கு ஒரே ஒரு குறை. பெரியக்காவுக்குக் கம்ப்யூட்டர் வராது. இது வார்டில் எல்லாருக்கும் தெரியும்.

எல்லாருக்கும் தெரிந்தது பொய் என்பது பெரியக்கா ஒருத்திக்குத்தான் தெரியும்.

பள்ளி முடித்த கையோடு டைப்ரைட்டிங் படித்தவள் அவள். பத்து விரலும் ஓடும். மருந்துக் குறிப்பேட்டை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வைத்தபோது மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். அவள் முதல் நாள் மதியமே எல்லாவற்றையும் முடித்துவிட்டு, மிச்ச இரண்டு நாளும் கொட்டாவி விட்டாள். வீட்டில் கணவருக்கு டிக்கெட் எடுப்பதிலிருந்து அடுக்குமாடியில் பாதிப் பேருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதுவரை அவள்தான்.

பின்னே எதற்கு இந்த வேஷம்? அவள் ஒன்றும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. கம்ப்யூட்டர் வந்த முதல் வாரம் அவளுக்கு ஒரு நாள் நல்ல தலைவலி. திரையை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு பெண் ஓடிவந்து, "நகருங்கக்கா, நான் போட்டுத் தரேன். உங்களுக்கு இதெல்லாம் புதுசு இல்லையா" என்றாள். அவள் பங்குக்குப் பத்து நோயாளிகள், ஆளுக்கு ஏழெட்டு மருந்து. ஒவ்வொன்றுக்கும் கொடுத்தாச்சு என்று பச்சை டிக் போடவேண்டும். ஐந்து நிமிஷத்தில் அந்தப் பெண் முடித்துவிட்டாள். பெரியக்காவுக்கு அரைமணி மிச்சம். மறுநாள் தலைவலி இல்லை. ஆனாலும் கண்ணை இடுக்கினாள்.

அவ்வளவுதான். இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

அந்தப் பெண்ணுக்கு வார்டில் ரீல்ஸ் என்று பெயர். வைத்ததே பெரியக்காதான். எப்போது பார்த்தாலும் போனில் வீடியோ ஓடும், தனியாகச் சிரிப்பாள். கூப்பிட்டால், "இதோ வந்துட்டேன்க்கா" என்று கையில் போனோடு வந்து நிற்பாள். பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கோபமே வராது, பல்லைக் காட்டுவாள். வயது இருபத்து நான்கு. ஒப்பந்த வேலை. இரண்டு வருஷம் ஒழுங்காக முடித்தால் நிரந்தரமாக்குவார்கள். முடிய இன்னும் ஐந்து வாரம்தான் பாக்கி.

பெரியக்காவின் பாஸ்வேர்டு அவளிடம்தான் இருந்தது. இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும். பதினைந்து நிமிஷம் முன்னால் ரீல்ஸ் தன் நோயாளிகளுக்கு டிக் போடுவாள், பிறகு பெரியக்கா பெயரில் நுழைந்து அவளுடைய நோயாளிகளுக்கும் வரிசையாகப் போடுவாள். பெரியக்கா மருந்தை விட்டுவிடுவாள் என்று யாராவது கனவிலாவது நினைப்பார்களா? அதனால் கேட்கவும் மாட்டாள். கேட்டால் அக்கா மனசு சங்கடப்படும் என்று வேறு நினைப்பு.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஏழாம் படுக்கையில் ஒரு பஸ் டிரைவர் இருந்தார். நாற்பத்தாறு வயது, கட்டுமஸ்தான ஆள். மண்டைக்குள் நெல்லிக்காய் அளவுக்கு இருந்த கட்டியை எடுத்து நான்கு நாள் ஆகியிருந்தது. அவருக்கு அதுவரை வலிப்பு வந்ததே இல்லை. வராமல் காக்கத்தான் எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊசி. "ஒரு தடவைகூட வலிப்பு வராம இருந்தா சில மாசத்துல வண்டி ஓட்டலாம். வந்துடுச்சுன்னா குறைஞ்சது ஒரு வருஷம் ஸ்டியரிங் பக்கமே போகக்கூடாது. அப்புறமும் பெரிய வண்டிக்கு அனுமதி கிடைக்கும்னு சொல்லமுடியாது" என்று டாக்டர் அவரிடம் நேராகவே சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து அந்த மனிதர் ஊசி வரும் நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்து எதிர்பார்க்கிறவராக ஆகிவிட்டார்.

இரண்டு மணி மருந்து காலை ஷிப்டைச் சேர்ந்தது. அது அந்த வார்டின் வழக்கம். ஒன்றரை மணிக்குப் பெரியக்கா டிரைவரின் மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றி, சீட்டு ஒட்டி, தட்டில் வைத்து ஏழாம் படுக்கைக்குக் கொண்டுபோனாள். டிரைவர் கண்ணயர்ந்திருந்தார். தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு டிரிப்பைத் தொட்டாள். அதற்குள் இரண்டாம் படுக்கையிலிருந்து ஒரு பெண் அலறினாள். அவளுடைய மாமனாருக்கு மூச்சு அடைத்துக்கொண்டிருந்தது.

பெரியக்கா ஓடினாள். அப்புறம் முக்கால் மணி நேரம் அவளுக்கு உலகத்தில் இரண்டாம் படுக்கையைத் தவிர வேறெதுவும் இல்லை. குழாய் போட்டு, டாக்டரை வரவழைத்து, கட்டிலோடு தள்ளிக்கொண்டு கீழ்த்தளத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கொண்டுபோய் விட்டாள். பிழைத்தார் அந்தப் பெரியவர். அதில் ஒரு சந்தேகமும் வேண்டாம், அவர் பிழைத்தது பெரியக்காவால்தான். இரண்டேகால் ஆகியிருந்தது. கீழேயிருந்தபடியே வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

பஸ்ஸில் மூன்றாவது நிறுத்தம் தாண்டும்போது அவளுக்கு ஏழாம் படுக்கை ஞாபகம் வந்தது. தட்டு, சிரிஞ்சு, சீட்டு. உடனே இன்னொன்றும் தோன்றியது. கொடுக்காத மருந்து திரையில் சிவப்பாக நிற்கும். மாலை நர்ஸ் வந்து உட்கார்ந்ததும் சிவப்பு கண்ணில் குத்தும், எடுத்துப் போட்டுவிடுவாள். அரைமணி தாமதம், பெரிய விஷயமில்லை. பெரியக்கா சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

தன் பெயரில் டிக் போட ஒருத்தி இருக்கிறாள் என்பதே அந்த நிமிஷம் அவளுக்கு மறந்துபோனது. இரண்டு வருஷமாக அடுத்தவள் கையால் வேலை வாங்கிப் பழகியவளுக்கு, அந்தக் கை கண்ணில் படவில்லை. வார்டுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம். போன் மடியில்தான் கிடந்தது. போனே கதி என்று ஊரைத் திட்டுகிறவள், பண்ணவேண்டிய ஒரு போனைப் பண்ணவில்லை.

மேலே வார்டில், திரையில் எல்லாம் பச்சை. மாலை நர்ஸ் பார்த்தாள், நிம்மதியாக வேறு வேலைக்குப் போனாள். டிரைவர் எழுந்து ஊசியைப் பற்றிக் கேட்டபோதும், "நீங்க தூங்கும்போதே போட்டாச்சு, ஸ்கிரீன்ல இருக்கே" என்றாள். துப்புரவுக்கு வந்தவள் மேஜையில் இருந்த தட்டைக் குப்பைத்தட்டு என்று எடுத்துப் போய்விட்டாள். ஐந்தே முக்காலுக்கு டிரைவரின் மனைவி அவருக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அவர் வலது கை முதலில் உதறியது. பிறகு உடம்பு முழுக்க.

மறுநாள் காலை பெரியக்கா வார்டுக்குள் நுழையும்போதே விஷயம் காதுக்கு வந்துவிட்டது. டிரைவர் பிழைத்துக்கொண்டார், நினைவும் திரும்பிவிட்டது. ஆனால் வலிப்பு வந்தது வந்ததுதான். சீட்டு ஒட்டிய சிரிஞ்சு, மருந்து குறையாமல், குப்பைத்தொட்டியில் கிடைத்திருந்தது. "அந்த ஊசி போட்டிருந்தாலும் வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம்" என்றார் டாக்டர். அதற்குமேல் அவரால் என்ன சொல்லமுடியும்? மேட்ரன் கூப்பிட்டு அனுப்பினாள். அந்த ஆஸ்பத்திரி நர்சுகளுக்கெல்லாம் தலைமை அவள்தான். பெரியக்காவின் செட். ஒரே ஹாஸ்டலில் ஒரே வாளியில் தண்ணீர் பிடித்தவர்கள்.

"உன் பேர்ல ஒன்னு அம்பத்தஞ்சுக்கு டிக் விழுந்திருக்கு. அந்த நேரம் நீ பெட் டூல இருந்தே. அப்ப யாரு போட்டது?" என்றாள் மேட்ரன்.

பெரியக்கா வாயைத் திறப்பதற்குள், அவள் பின்னாலேயே வந்து கதவோரம் நின்றிருந்த ரீல்ஸ் முன்னால் வந்தாள். "நான்தான் மேடம். அக்காவுக்குக் கம்ப்யூட்டர் வராது. எப்பவும் நான்தான் போட்டுக் குடுப்பேன். நேத்து அவங்ககிட்டக் கேக்காமப் போட்டுட்டேன். தப்பு என்னோடதுதான்."

ஒரு வார்த்தையைக்கூட முழுங்கவில்லை.

மேட்ரன் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "போனைப் பாத்துக்கிட்டே டிக் போட்டியாக்கும்?"

"இல்ல மேடம்."

"பின்னே எப்படி? எங்க செட்டுக்குத்தான் இதெல்லாம் வராது. உங்களுக்கு எல்லாம் வருமே, பொறுப்பு மட்டும்தான் வராது."

பெரியக்கா அப்போதே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை என்று மேட்ரன் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு ரீல்ஸின் கோப்பை எடுத்துப் பிரித்தாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வார்டுப் பொறுப்பாளர் நிரப்பித் தரும் மதிப்பீட்டுப் படிவங்கள், மொத்தம் ஏழு. ஒவ்வொன்றிலும் கடைசிக் கட்டத்தில் ஒரே வாசகம், பெரியக்காவின் கையெழுத்தில்: 'கவனம் போதாது. பணி நேரத்தில் கைபேசிப் பயன்பாடு அதிகம்.'

"நீயே எத்தனை தடவை எழுதியிருக்கே பாரு! நான்தான் கண்டுக்காம விட்டுட்டேன்" என்றாள் மேட்ரன்.

ஐயோ, அந்தப் படிவங்கள்! பெரியக்கா அவற்றை எப்படி நிரப்பினாள் என்று அவளுக்கல்லவா தெரியும். வார்டில் இருந்த ஐந்து சின்னவர்களுக்கும் ஒரே வாசகத்தை, டீ ஆறுவதற்குள், முகத்தைக்கூட நினைக்காமல் எழுதித் தள்ளியிருந்தாள். ரீல்ஸ் ஒரு மருந்தைத் தவறவிட்டதையோ, ஒரு நோயாளியை முறைத்ததையோ அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. இப்போது அந்த வாசகம் ஏழு பிரதியாக, சாட்சி மாதிரி மேஜைமேல் கிடந்தது. வெள்ளிக்கிழமை இந்தப் பெண்ணின் வேலை போய்விடும். போவதற்கு வேண்டிய எல்லாவற்றையும் பெரியக்கா தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாயிற்று.

புதனும் வியாழனும் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. மனசு நல்ல வக்கீல், கேட்காமலே வாதாடும். 'டிக் போட்டவள் அவள்தானே. கேட்காமல் போட்டது தப்புதானே. சின்ன வயசு, வேறு ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்கும். உனக்கு? ஓய்வு பெற நாலு வருஷம் இருக்கையில் பேரைக் கெடுத்துக்கொண்டு எங்கே போவாய்? நீ அன்றைக்கு ஓர் உயிரைக் காப்பாற்றினாய், அது கணக்கில் சேராதா?' இப்படி வாதாடி வாதாடி, விடியும்போது அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருக்கும்.

இதில் ரீல்ஸ் வேறு. வியாழன் மதியம் ஓய்வறையில் பெரியக்காவின் சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருப்பதைப் பார்த்து, ஃப்ரிட்ஜ் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. "சாப்பிடுங்கக்கா. உங்களுக்கு ஒன்னும் ஆகாது, நான் நல்லா விசாரிச்சுட்டேன். ஒரு எச்சரிக்கைக் கடிதாசிதான் வரும். நீங்க என்ன பண்ணுவீங்க, அங்க ஒரு உயிரு போயிட்டு இருந்துச்சு" என்றாள்.

"உனக்கு என்ன ஆகும்?"

"எனக்கா?" அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அம்மாகிட்ட இன்னும் சொல்லலக்கா. நிரந்தரமான உடனே வீடு மாறணும்னு பாத்துட்டு இருந்தோம். சரி விடுங்க. நீங்க சாப்பிடுங்க."

அன்று நான்கு மணிக்கு ஏழாம் படுக்கைக்கு டிரிப் மாற்றவேண்டியிருந்தது. மாலை ஷிப்டில் ஆள் குறைவு என்று ரீல்ஸும் பெரியக்காவும் கூடுதல் நேரம் நின்றிருந்தார்கள். பாட்டிலோடு ரீல்ஸ் கட்டிலை நெருங்கியதும் டிரைவரின் மனைவி எழுந்து குறுக்கே நின்றுவிட்டாள்.

"நீ தொடாதே. உன் கை என் வீட்டுக்காரர்மேல படவேண்டாம். போனை நோண்டிட்டு மருந்தை மறக்கறவங்க எல்லாம் எதுக்கு இந்த வேலைக்கு வர்றீங்க?"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ரீல்ஸ் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். பெரியக்கா போய் அவள் கையிலிருந்து பாட்டிலை வாங்கிக்கொண்டாள். டிரைவரின் மனைவி பெரியக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீங்க மாத்துங்க சிஸ்டர். நீங்க பாத்திருந்தா இப்படி நடந்திருக்குமா சொல்லுங்க? பெரியவங்க கை பெரியவங்க கைதான்."

டிரைவர் மேல்கூரையைப் பார்த்தபடி, போர்வைக்குமேல் வலது காலை மட்டும் லேசாக அழுத்தி அழுத்தி எடுத்தார். பிரேக் பிடித்துப் பார்க்கிறாரா, சும்மா மரத்துப்போனதா, யாருக்குத் தெரியும். பெரியக்கா டிரிப்பை மாற்றினாள். அந்த வக்கீல் அன்றோடு வாயை மூடிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மேட்ரன் அறையில் நான்கு பேர். மேட்ரன், நிர்வாக அதிகாரி, ரீல்ஸ், பெரியக்கா. நிர்வாக அதிகாரிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், மூக்குக்கண்ணாடி போட்ட மரியாதையான மனிதர். ரீல்ஸை ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கும் கடிதத்தை முன்கூட்டியே அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"நான் ஒன்னு சொல்லணும்" என்றாள் பெரியக்கா. "எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும்."

மேட்ரன் அவளைப் பார்த்தாள். "என்ன சொல்றே?"

"நல்லாத் தெரியும். முதல் நாள்லேர்ந்தே தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன். இந்தப் பொண்ணு தலையில என் வேலையக் கட்டினது நான்தான்."

நிர்வாக அதிகாரி புன்னகைத்தார். கேலியில்லாத, உருகிப்போன புன்னகை. "சிஸ்டர், உங்க மனசு எனக்குப் புரியுது. ஜூனியரைக் காப்பாத்தணும்னு நினைக்கறீங்க. அதுக்காக இல்லாததைச் சொல்லவேண்டாம். எங்க அம்மாவும் உங்க வயசுதான். இன்னிக்கு வரைக்கும் ஒரு போட்டோ அனுப்பத் தெரியாது. இதுல வெக்கப்பட ஒன்னுமில்ல."

"இல்ல சார், நிஜமாவே..."

"அக்கா, வேணாங்க்கா" என்றாள் ரீல்ஸ். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. "எனக்காகப் பொய் சொல்லாதீங்க."

மேட்ரனுக்கும் கண் கலங்கிவிட்டது. "உன்னை எனக்குத் தெரியாதாடி? ஹாஸ்டல்லயே அடுத்தவ தப்பை உன் தலையில போட்டுக்கிட்டவதானே நீ" என்று சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்தாள்.

பெரியக்கா உண்மையைச் சொல்கிறாள், மூன்று பேரும் அவளைத் தெய்வமாக்கிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு வருஷமாக அவள் உழுது விதைத்தது, இப்போது ஆளுயரத்துக்கு வளர்ந்து அவளையே மறைத்து நிற்கிறது.

"அன்னிக்கு பஸ்ல போகும்போதே ஊசி போடலைங்கறது ஞாபகம் வந்துடுச்சு" என்றாள். குரல் உயர்ந்துவிட்டது. "மூணாவது ஸ்டாப்புல. அப்பவே போன் பண்ணியிருக்கலாம். பண்ணலை. ஏன் தெரியுமா? டிக் போடாத மருந்து சிவப்பா நிக்கும், அரைமணி தாண்டினா மினுக்க ஆரம்பிக்கும், மாலை ஷிப்ட் பாத்துக்கும்னு தைரியமா உக்காந்திருந்தேன்."

மேட்ரனின் பேனா நின்றது. நிர்வாக அதிகாரிதான் மெதுவாகக் கேட்டார்.

"மினுக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும் சிஸ்டர்?"

பெரியக்கா எழுந்துபோய் மேட்ரனின் நாற்காலிப் பக்கத்தில் நின்று, "கொஞ்சம் நகரு" என்றாள். மேட்ரன் நகர்ந்தாள். பெரியக்கா கீபோர்டை இழுத்துத் தன் பெயரில் நுழைந்தாள். ஏழாம் படுக்கையைத் திறந்து, செவ்வாய்க்கிழமைக்குப் போய், அந்த மருந்துக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அம்புக்குறியை அழுத்தினாள். 'தாமதம்', 'கொடுக்கவில்லை', 'காரணம்' என்று மூன்று கட்டங்கள் விரிந்தன. "இதை அழுத்த நாலு செகண்ட் ஆகும்" என்றாள். பிறகு வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து வாக்குமூலத்தை அடிக்கத் தொடங்கினாள்.

விரல்களைப் பார்க்கவேயில்லை. பத்து விரலும் ஓடின. ஊசியை ஏற்றி வைத்தது தான், போடாமல் விட்டது தான், ஞாபகம் வந்தும் பேசாமலிருந்தது தான், பாஸ்வேர்டைக் கொடுத்தது தான், இந்தப் பெண்ணைப் பற்றி ஏழு படிவத்தில் எழுதியது பார்த்து எழுதியதல்ல என்று வரிசையாக அடித்தாள். எங்கும் நின்று யோசிக்கவில்லை. மூன்று நாளாக மனதுக்குள் அடித்து அடித்துப் பார்த்ததுதானே. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பிரிண்டர் ஒரு தாளைத் துப்பியது. எடுத்துக் கையெழுத்துப் போட்டு மேஜையில் வைத்தாள்.

ரீல்ஸ் அழுகையை நிறுத்தியிருந்தாள். அவள் தாளைப் பார்க்கவில்லை, பெரியக்காவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிர்வாக அதிகாரி தான் கொண்டுவந்த கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். ரீல்ஸுக்கு வேலை போகவில்லை. அடுத்தவர் பெயரில் நுழைந்ததற்கு எழுத்து மூலம் கண்டிப்பு, மூன்று மாதம் கழித்து நிரந்தரம். பெரியக்காவுக்கு அன்றோடு வார்டுப் பொறுப்பு போனது. துறை விசாரணை தனியாக நடக்கும், அதுவரை வெளிநோயாளிப் பிரிவு. மேட்ரன் அதை எழுதும்போது தலை நிமிரவில்லை. "இப்படிப் பண்ணிட்டியேடி" என்று மட்டும் தாளைப் பார்த்துச் சொன்னாள்.

பெரியக்கா நேராக ஏழாம் படுக்கைக்குப் போனாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, டிரைவரிடமும் மனைவியிடமும் பூசி மெழுகாமல் சொன்னாள். அவர்கள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. டிரைவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மனைவி வெகு நேரம் கழித்து, "அப்ப அந்தப் பொண்ணை நான் அத்தனை பேர் முன்னாடி சும்மா திட்டிட்டேனா?" என்று மட்டும் கேட்டாள்.

வெளியே தாழ்வாரத்தில், கை கழுவும் தொட்டி பக்கத்தில் ரீல்ஸ் நின்றிருந்தாள். பெரியக்கா அவளெதிரே போய் நின்றாள். "என்னை மன்னிச்சிடும்மா" என்றாள்.

ரீல்ஸ் குழாயை மூடினாள். கையைத் துடைத்தாள், ஒவ்வொரு விரலாக.

"நீங்க எழுதினது முழுப்பொய்யும் இல்ல. நான் போன் பாப்பேன்தான். பாட்டு, பூனை, சிரிப்பு, அதான் பாப்பேன். சும்மா பாக்கறதுதான். ஆனா டிக் போடும்போது பாத்ததில்ல" என்றாள்.

"தெரியும்மா."

"உங்களுக்குத் தெரியாதுன்னு நானா முடிவு பண்ணிட்டேன். ஒரு தடவை கேட்டிருக்கணும். கேக்கலை. அது என் தப்பு." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "மேல படிக்கறதுக்குப் போன வருஷம் இடம் கிடைச்சுது. காலைல வகுப்பு. ட்யூட்டியை மதியத்துக்கு மாத்தித் தரேன்னும் சொன்னாங்க. நான்தான் வேணாம்னுட்டேன். நான் மதியத்துக்குப் போயிட்டா காலைல நீங்க அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி தனியாத் திண்டாடுவீங்களேன்னு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேம்மா."

"சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னு சொல்லல."

ஏழாம் படுக்கையிலிருந்து மணி அடித்தது. ரீல்ஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். இரண்டு அடி நடந்தவள் நின்று, திரும்பி, வெகு மரியாதையாகத் தலையசைத்தாள்.

"உண்மையைச் சொன்னதுக்கு ரொம்ப நன்றி மேடம்" என்றாள்.

இரண்டு வருஷத்தில் பெரியக்காவைக் கூப்பிட அவள் வாயில் 'அக்கா'வைத் தவிர வேறு சொல் வந்ததில்லை.